சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

நோன்புப் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில் எமது புடவைக் கடையின் கொம்பியூட்டர் நின்று போனது. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பிரபல கம்பனியொன்றின் பெயர் பொறித்த பெட்டி அது. அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்ததை வாங்கி ஆறு வருடங்கள் உழைப்பித்திருந்தேன். கடனுக்குச் சாமான் எடுத்த சில்லறை வியாபாரிகளின் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

பார்க்க வந்த தம்பி, "நானா, மதர்போர்ட் செத்துட்டு. புது போர்ட் ஒன்டு போட்டாச் சரி" என்றார். மின்விசிறிக்கு மோட்டார் மாற்றுவது போலத்தான் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். கடைகளில் கிடைக்கும் புதிய போர்ட் ஒன்று வந்தது. பழைய புரொசஸர் அதில் இருக்கவில்லை. பழைய ரெம் டீடீஆர்3, புதிய போர்ட்டுக்குத் தேவை டீடீஆர்4. இரண்டையும் வாங்கினேன். அதன் பின்னர் பவர் சப்ளையின் பிளக் பொருந்தவில்லை, முன்பக்கப் பட்டனின் வயரும் பொருந்தவில்லை. இனி கேசிங்கையும் மாற்ற வேண்டும் என்ற போதுதான் எனக்கு விளங்கியது: நான் வாங்கிக் கொண்டிருப்பது போர்ட் அல்ல, துண்டு துண்டாக ஒரு புதிய கொம்பியூட்டர்!

குற்றம் அந்தப் பெட்டியில் இல்லை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் எனும் பொது அளவின்படி பூட்டப்படும் கொம்பியூட்டரில் எந்தக் கம்பனியின் போர்ட்டையும் மாற்றிக் கொள்ளலாம். அதன் இன்றைய பிரதான மின் இணைப்புக்கு 24 ஊசிகள். பெயர்பெற்ற கம்பனிகள் அலுவலகங்களுக்குச் செய்யும் பெட்டிகளின் வழி வேறு. டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020இல் அந்த இணைப்புக்கு 8 ஊசிகள்; எச்பி எலிட்டெஸ்க் 800 முதல் தலைமுறையில் 6 ஊசிகள். இவற்றில் ஹார்ட் டிஸ்க்கிற்கான மின்சாரமும் போர்ட்டிலிருந்தே செல்கிறது. பெட்டி, பவர் சப்ளை, போர்ட் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த உடுப்பு மாதிரி.

ஆகவே எமது வர்த்தகச் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய பிராண்ட் கொம்பியூட்டரின் மதர்போர்ட் பழுதானால் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அதே மொடலின் போர்ட். மற்றது, அதே மொடலில் பாவித்த முழுப் பெட்டி. வேறு போர்ட்டை உள்ளே திணிக்கப் போவது காசைக் கரைக்கும் வேலை. அலுவலகங்கள் கழிக்கும் பெட்டிகள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. தனிப் போர்ட்டைத் தேடும் முன் முழுப் பெட்டியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். நான் இறுதியில் அதைத்தான் செய்தேன். எனது ஹார்ட் டிஸ்க்கை அதில் போட்டதும் கடன் கணக்கு அப்படியே திறந்தது. முதல் நாளே செய்திருந்தால் நான்கு நாள் வியாபாரத்தைக் கொப்பியில் எழுதித் திண்டாடியிருக்க மாட்டேன். உறை பிரித்த சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவுமில்லை. அந்தப் புதிய போர்ட் இன்றும் கல்லாவுக்கு மேல் தட்டில் கிடக்கிறது.

போர்ட்தான் பழுது என்று முடிவெடுக்கும் முன்னரும் அவசரப்படலாகாது. அதே வகை பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெம்மைக் கழற்றித் துடைத்துப் போடச் சொல்லுங்கள். திகதியும் நேரமும் மாறிமாறிக் காட்டினால், சீஆர்2032 எனும் சிறு பட்டன் பெட்டரி தீர்ந்திருக்கக் கூடும்.

செலவுக் கணக்கில் விண்டோஸையும் சேர்க்க வேண்டும். பெட்டியோடு வந்த அனுமதி பொதுவாக அந்தப் பெட்டிக்கே உரியது. வேறு வகைப் போர்ட் போட்டால் அது புதிய கொம்பியூட்டராகக் கணிக்கப்படலாம். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டு விட்டன. 2013, 2014ஆம் ஆண்டுக் காலத்துப் பெட்டிகள் விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் விதித்த தகைமைக்குள் வருவதில்லை. அப்படியான பெட்டிக்குப் பெருந்தொகை செலவிடுவது இடிக்கப் போகும் கடைக்குப் பெயின்ட் அடிப்பதாகும்.

எல்லாவற்றிலும் பெரியது கணக்கு. போர்ட் செத்தாலும் கணக்கு சாவதில்லை. அது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. திருத்தக் கொடுக்கும் முன் அதைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக் கொள்ளுங்கள். பிட்லொக்கர் பூட்டு போட்டிருந்தால், வேறு பெட்டியில் அதைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும். அதை இன்றே தாளில் எழுதி வையுங்கள். கிழமைக்கு ஒரு முறை கணக்கைப் பிரதியெடுத்து வீட்டில் வைப்பது அதைவிட நல்லது.

கொம்பியூட்டரை விலை கொடுத்து வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.