ஆட்டுக்கும் ஒரு பதிவேடு

ஞானஸ்நானம் பெற்றவரின் பெயர், பெற்றோர் பெயர், தேதி எல்லாம் பங்குக் கோவில் பதிவேட்டில் இருக்கின்றன. திருமணத்துக்கு முன் ஓலை வாசித்து, உறவுமுறைத் தடை உண்டா என்றும் கேட்கிறார்கள். ஆட்டுக்கும் இப்படி ஒரு பதிவேடு வேண்டும் என்று நான் சொன்னால் தோழியர் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எங்களிடம் ஏழு பெட்டை ஆடுகள் உள்ளன. எல்லாம் தலைச்சேரி இனம். மலபாரி என்றும் சொல்வார்கள். குட்டிகள் குடித்தது போக மிஞ்சும் பால்தான் எங்கள் வீட்டுக் காப்பிக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் பிறந்த குட்டிகள் எல்லாமே நோஞ்சானாக இருந்தன. ஒன்று சீம்பாலைக்கூட உறிஞ்ச வலுவின்றி மூன்றாம் நாள் அம்மாவின் மடியிலேயே இறந்தது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "இதற்குத் தகப்பன் எது? தாய்க்குத் தகப்பன் எது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தபோதுதான், ஒரே பொலிகிடாவை நான்கு ஆண்டு வைத்திருந்து, அதன் மகள்களையும் அதனுடனேயே சேர்த்துவிட்டோம் என்று புரிந்தது. மறு மாதமே அப்பா கிடாவை மாற்றினார். நான் மீந்த கணக்கு நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினேன்.

"எழுதினால் பால் கூடுமா?" என்றார் அப்பா. கூடாதுதான். ஆனால் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று நோட்டு சொல்லும். பார்வைக்கு அழகான வெள்ளைச்சி இரண்டு மாதத்தில் பால் வற்றிவிடுகிறாள். ஒல்லிக் கறுப்பியோ நான்காம் மாதத்திலும் காலையில் முக்கால் லிட்டர் தருகிறாள். வியாபாரி எடையைத்தான் பார்ப்பார்; மடியைப் பார்க்க மாட்டார்.

அமெரிக்காவில் பால் ஆடுகளுக்கு 1904 முதலே பதிவுச் சங்கம் இருக்கிறது. குட்டியின் காதில் பச்சை குத்தி, தாய் தகப்பன் பெயரோடு சான்றிதழ் தருகிறார்கள். நம் நாட்டிலும் சேலம் கருப்பு, கன்னி ஆடு, கொடி ஆடு முதலிய இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது இனத்துக்குப் பதிவு. எங்கள் கொட்டிலில் நிற்கும் கறுப்பிக்கு என் நோட்டைத் தவிர வேறு பதிவு கிடையாது. ஊருக்கு ஒரு பதிவேடு இருந்து, பொலிகிடாக்களை மட்டுமாவது அதில் எழுதி, வீடு மாற்றி வீடு கொடுத்துக்கொண்டால் இந்தச் சேதம் வராது என்பது என் தாழ்மையான கருத்து. ஆடு வளர்க்கும் வீட்டுத் தோழியர் ஒரு நோட்டில் ஆரம்பித்தாலே போதும்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், என் பள்ளிக் கட்டணத்துக்காக வியாபாரியை அழைத்தோம். அவர் கறுப்பியின் பெட்டைக் குட்டியைக் கேட்டார், நல்ல விலைதான். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாப்பா, அந்த நோட்டை எடுத்து வா" என்றார். இரண்டு கிடாக்குட்டிகள் போயின. கட்டணத்தில் குறைந்ததற்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தார்.

அந்தக் குட்டி இப்போது சினை. சேர்த்த நாள் ஜூலை 28. ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நோட்டில் டிசம்பர் 25 என்று குறித்து, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.