துப்பாக்கி ரிலீஸ் நோட்ஸும் காணாமப் போன பக் லிஸ்டும்

மாசம் பொறந்தா எனக்கு ரெண்டு மெயில் தவறாம வந்துடும். ஒண்ணு கிரெடிட் கார்டு பில். இன்னொண்ணு ஒரு துப்பாக்கி கம்பெனியோட மாதாந்திரச் செய்திமடல்.

பயந்துடாதீங்க மக்களே! நான் பொட்டி தட்டிப் பொழைக்கிற அப்பாவி. வீட்ல கரப்பான்பூச்சி வந்தாக்கூட தங்கமணிதான் அடிக்கணும். டல்லாஸ் பக்கம் நாங்க இருக்கற அபார்ட்மெண்ட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு அண்ணாச்சி இருக்கார். திருநெல்வேலிக்காரர். எனக்கு ரொம்ப முன்னாடியே இங்க வந்து குடியுரிமையும் வாங்கிட்டார். எங்க பாப்பாவுக்கு ஜுரம்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் வண்டி எடுத்துட்டு வர்ற மனுஷன். அவர் ஒரு கஸ்டம் பிஸ்டல் ஆர்டர் பண்ணிட்டுக் காத்துக்கிட்டு இருக்கார். அந்தக் கம்பெனி மாசாமாசம் அனுப்பற மடலை எனக்குத் தள்ளி விடுவார். "இஞ்சினியரிங் படிச்சவன்லா நீ, இதப் பாருடே, வேலைப்பாடுன்னா இதான் வேலைப்பாடு"ன்னு ஒரு வரி மேல இருக்கும்.

ஒரு உண்மையை முதல்லயே ஒத்துக்கறேன். அஞ்சாறு மாசம் நானும் வாயைப் பொளந்துக்கிட்டுதான் படிச்சேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இந்த கஸ்டம் உலகத்துல ராஜா 1911 தான். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைச்சு, அமெரிக்க ராணுவம் 1911-ல ஏத்துக்கிட்ட பிஸ்டல். மேகசின்ல .45 தோட்டா ஏழு. 1985-ல பெரெட்டாவுக்கு மாறற வரைக்கும் எழுபது வருஷத்துக்கு மேல அவங்க ராணுவத்தோட இடுப்புல தொங்கிச்சு. பேட்டன்ட்டெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, யார் வேணா செய்யலாம். நம்ம லினக்ஸ் மாதிரி ஆளாளுக்கு ஒரு டிஸ்ட்ரோ விடறாங்கன்னு வெச்சுக்கங்க. அர்கன்சா மாநிலத்துல பெர்ரிவில்னு ஒரு குட்டி ஊர். 1977-ல ஆரம்பிச்ச வில்சன் காம்பேட், 2004-ல வந்த நைட்ஹாக் கஸ்டம்னு இந்தத் தொழில்ல பேர் போன ரெண்டு கம்பெனி அந்த ஒரே ஊர்ல இருக்கு. (அண்ணாச்சி ஆர்டர் பண்ணது இந்த ரெண்டும் இல்ல. வேற ஒண்ணு. பேர் வேணாம்.)

வேலைப்பாடு நிஜமாவே அசத்தல்தான். ஸ்லைடையும் ஃபிரேமையும் ஒண்ணுக்கொண்ணு ஆடாம, அதே சமயம் சிக்காம ஓடற மாதிரி கையால இழைச்சு இழைச்சு பொருத்தறாங்க. 25 கெஜம் தள்ளி வெச்சுச் சுட்டா எல்லாக் குண்டும் 1 அங்குலத்துக்குள்ள விழும்னு கேரண்டி கொடுக்கறவங்க இருக்காங்க. விலை 3,000 டாலருக்கு மேல, எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. லேத் மெஷினுக்கும் மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு ஆயுத பூஜை போடற ஊர்க்காரன் நான். வேலைப்பாட்டைப் பாத்து மயங்கலைன்னாதான் ஆச்சரியம்.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல ரிலீஸ் நோட்ஸ் எழுதிக்கிட்டு இருக்கும்போதுதான் மண்டையில உறைச்சது.

நாம ரிலீஸ் நோட்ஸ் எப்படி எழுதுவோம்? புதுசா என்ன வந்திருக்கு. எதைச் சரி பண்ணினோம். கடைசியா, இன்னும் சரி பண்ணாத தெரிந்த பிழைகள் என்னென்ன. இந்த மூணாவது பகுதி இல்லாம அனுப்பினா எங்க டேமேஜர் என்னைக் கொத்துபரோட்டா போட்டுடுவார். இத்தனைக்கும் நான் எழுதற மென்பொருள் கோளாறு பண்ணா எவனுக்கோ ஒரு இன்வாய்ஸ் தப்பா போகும், அவ்வளவுதான்.

துப்பாக்கி மடலை மறுபடி எடுத்துப் பாத்தேன். இந்த மாசப் புது மாடல். புது நிறம். கைப்பிடிக்குப் புது மரம். நம்ம தொழிலாளி ஒருத்தரோட பேட்டி. தொப்பி, டீ-சர்ட். வாடிக்கையாளர் அனுப்பின போட்டோ, வெல்வெட் துணி மேல பிஸ்டல், பக்கத்துல விலை கூடின கைக்கடிகாரம். ஒரு வருஷ மடலைத் தேடிட்டேன் சாமி. தெரிந்த பிழைன்னு ஒத்தை வரி இல்ல. ஒரு உயிரை எடுக்கறதுக்குன்னே செஞ்ச மெஷின்ல ஒரு பக் கூடவா இருக்காது?

இருக்கு. ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். பழைய 1911 டிசைன்ல ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்த ஒண்ணும் கிடையாது, ஒரு ஸ்பிரிங்தான். குழல் கீழ பாக்கற மாதிரி போதுமான உயரத்துல இருந்து விழுந்தா அந்தப் பின் தன்னோட வேகத்துலயே முன்னாடி போய்த் தோட்டாவைத் தட்டலாம். இதுக்குதான் 1983-ல கோல்ட் கம்பெனி சீரீஸ் 80-ன்னு ஒரு தடுப்பைச் சேர்த்தாங்க. ட்ரிக்கரை இழுத்தாத்தான் அந்தத் தடுப்பு விலகும். நல்ல பேட்ச், இல்லையா? ஆனா ரசிகக் கண்மணிகளுக்குப் பிடிக்கல. ட்ரிக்கரோட சுகம் கெட்டுப் போச்சாம்! அதனால இன்னைக்கும் பல கஸ்டம் கம்பெனிகள் அந்தத் தடுப்பு இல்லாத பழைய சீரீஸ் 70 முறையிலதான் செய்றாங்க. கேட்டா, எடை கம்மியான டைட்டேனியம் பின்னும் பலமான ஸ்பிரிங்கும் போட்டுட்டோம், கீழ போட்டாலும் வெடிக்காதுன்னு பதில் வரும். சரியான பதிலாவே இருக்கட்டும். எத்தனை அடியில இருந்து, எத்தனை தடவை, எந்தக் கோணத்துல போட்டுப் பாத்தீங்க? ஸ்பிரிங் எப்ப தளரும், எப்ப மாத்தணும்? அதை எழுதுங்களேன். கண்ணாடிக் குச்சி முறியற மாதிரி ட்ரிக்கர் சுத்தமா விடுபடும்னு ரெண்டு பத்தி வர்ணிக்கத் தெரிஞ்சவனுக்கு இதுக்கு ஒரு வரி கிடைக்காதா?

எழுத வேண்டிய கட்டாயம் வந்தாலும் எப்படி எழுதுவாங்கன்னு பாருங்க. இது கஸ்டம் கம்பெனி இல்ல, பெரிய கம்பெனி. சிக் சாவர் பி320. 2017 ஜனவரியில அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்தை ஜெயிச்ச டிசைன் அதோடதுதான். அதே வருஷம் ஆகஸ்ட்ல, கடையில வித்த பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்துல கீழ விழுந்தா தானா வெடிக்குதுன்னு வெளிய வந்துச்சு. ட்ரிக்கரோட எடையே அதை இழுத்து விட்டுடுது. கம்பெனி என்ன அறிவிச்சாங்க தெரியுமா? "விருப்பப்பட்டால் மேம்படுத்திக்கொள்ளும் திட்டம்". அதாவது திரும்பப் பெறல் இல்லையாம், அப்கிரேடாம்! பிரேக் பிடிக்காத காரை வித்துட்டு, விருப்பம் இருந்தா பிரேக் மாட்டிக்கங்கன்னு சொன்னா விட்டுடுவோமா?

கார்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது. கட்டாயப்படுத்தித் திரும்ப வாங்க வைக்க ஒரு அரசு அமைப்பு இருக்கு. இங்கதான் கூத்தே. வீட்டு உபயோகப் பொருட்களோட பாதுகாப்பைப் பாக்க 1972-ல அமெரிக்காவுல ஒரு ஆணையம் அமைச்சாங்க. டோஸ்டர், தொட்டில், பொம்மை எல்லாம் அதுக்குள்ள வரும். துப்பாக்கி வராது. 1976-ல அதை இன்னும் கெட்டியாக்கி, துப்பாக்கியிலயும் தோட்டாவுலயும் கை வைக்கக்கூடாதுன்னே எழுதி வெச்சுட்டாங்க. 2001-ல இதே ஆணையம் டெய்சி கம்பெனியோட ஒரு ஏர்கன் மேல வழக்குப் போட்டுச்சு. மேகசின் காலியான மாதிரி இருந்தாலும் உள்ள குண்டு மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு. சின்னப் பசங்க தகர டப்பாவைச் சுடற ஏர்கன்னைக் கேள்வி கேக்கலாம். .45 பிஸ்டலைக் கேக்கக்கூடாது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?

தானா திருந்த ஒரு கம்பெனியாவது வராதான்னு கேக்கறீங்களா? வந்துச்சு. 2000 மார்ச்ல ஸ்மித் & வெஸ்ஸன், கிளின்டன் அரசோட ஒப்பந்தம் போட்டு, பூட்டு உட்பட சில பாதுகாப்பு விஷயங்களுக்குத் தலையாட்டிச்சு. துப்பாக்கி ஆர்வலர்கள் கூடிப் புறக்கணிச்சாங்க. வியாபாரம் படுத்துச்சு. அடுத்த வருஷமே கம்பெனி கை மாறிடுச்சு. மத்தவன் எல்லாம் அன்னைக்கே பாடம் படிச்சுட்டான்.

2005-ல அவங்களுக்கு ஒரு கவச குண்டலமும் கிடைச்சுது. துப்பாக்கியைத் தப்பா உபயோகிச்சு நடக்கற குற்றத்துக்குத் தயாரிச்சவன் மேல வழக்குப் போட முடியாதபடி ஒரு சட்டம். அதுல விதிவிலக்குகள் உண்டு. சாண்டி ஹூக் பள்ளியில 2012-ல 20 குழந்தைகளும் 6 பெரியவங்களும் கொல்லப்பட்டாங்க இல்லையா, அந்தக் குடும்பங்கள் புகுந்தது அப்படி ஒரு சந்துல. அவங்க முக்கியமாப் பிடிச்சது துப்பாக்கியோட இரும்பை இல்ல, அதை வித்த விளம்பரத்தை! இதை வாங்கினா நீ ஆம்பளைங்கற மாதிரி வந்த விளம்பரங்களை. 2022-ல ரெமிங்டனோட இன்சூரன்ஸ் கம்பெனிகள் 7 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. ஆகவே மக்களே, மடல்ல எழுதற வார்த்தை சும்மா வார்த்தை இல்ல.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வீட்டு சொதி சாப்பாட்டுக்கு அப்புறம் கொட்டிட்டேன். (நேரம் சரியில்லைன்னா வாய் சும்மா இருக்காது.) அவர் சொன்னார்: "எலேய், நாலாயிரம் டாலர் பிஸ்டலை வெச்சுக்கிட்டு எவம்டே கொள்ளையடிக்கப் போறான்? இது கலைப் பொருள்டே."

அதுல பாதி நியாயம் இருக்கு. கஸ்டம் பிஸ்டல் வாங்கறவர் கொள்ளைக்காரர் இல்ல. ஆனா பயப்பட வேண்டியது கொள்ளைக்காரனுக்கு மட்டும்தானா? 2021-ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர். அதுல 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல. கலிஃபோர்னியாவுல கோடிக்கணக்கான பேரை வருஷக்கணக்காத் தொடர்ந்து பாத்து 2020-ல வெளிவந்த ஆய்வு, கைத்துப்பாக்கி வெச்சிருக்கற ஆண்கள் துப்பாக்கியால தற்கொலை செஞ்சுக்கற விகிதம் வெச்சிருக்காதவங்களை விட எட்டு மடங்குன்னு சொல்லுது. பெண்களுக்கு முப்பத்தஞ்சு மடங்கு. அந்த ஒரு கெட்ட ராத்திரியில கைக்கு எட்டற தூரத்துல எது இருக்குங்கறதுதான் விஷயம். அது நாலாயிரம் டாலரா நானூறு டாலராங்கறது இல்ல.

"அண்ணாச்சி, அதை எங்க வைக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன். அவர் பையன் பத்தாவது படிக்கிறான். ரெண்டு மாசமா ரூமை விட்டு வெளிய வர்றதே இல்லன்னு அதே ஞாயித்துக்கிழமை அக்கா தங்கமணிகிட்ட அடுக்களையில புலம்பிக்கிட்டு இருந்தாங்க. "பொட்டியோடவே பூட்டும் வரும்லா"ன்னார் அண்ணாச்சி. வரும். அதே 2005 சட்டத்தோட இன்னொரு பகுதிப்படி டீலர் கைத்துப்பாக்கியோட பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ கொடுத்தாகணும். பூட்டியே ஆகணும்னு அந்தச் சட்டம் சொல்லல. "அண்ணாச்சி, தம்பி இருக்கற வீடு"ன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. அதுக்கப்புறம் மூணு வாரமா ஃபார்வர்ட் வரல. போனும் இல்ல.

துப்பாக்கியையே தடை பண்ணுங்கன்னு நான் கொடி பிடிக்கல. விசாவுல வந்தவன் நான், இந்த ஊர்ல ஓட்டு கூடக் கிடையாது. நான் கேக்கறது ஒரு இஞ்சினியர் இன்னொரு இஞ்சினியர்கிட்ட கேக்கறது. மாசாமாசம் வர்ற மடல்ல மூணு வரி சேருங்க. எந்தெந்த சீரியல் நம்பர்ல என்ன கோளாறு வந்துச்சு. கீழ விழற சோதனையோட முடிவு என்ன. வீட்ல வளர்ந்த பசங்களோ மனசு சரியில்லாதவங்களோ இருந்தா என்ன செய்யணும். அந்த 1976 விலக்கை எடுத்துட்டா இது உபகாரமா இருக்காது, கடமை ஆயிடும்.

இந்த மூணையும் கேட்டு அந்தக் கம்பெனிக்கே ஒரு மெயில் போட்டேன். பதில் வந்துச்சு, வராம இல்ல. என் ஆர்வத்துக்கு நன்றியாம். கூடவே புது நிறங்களோட பட்டியல்.

நேத்து ராத்திரி அண்ணாச்சி போன் பண்ணினார். நலம் விசாரிக்கல. பிஸ்டல் பேச்சையும் எடுக்கல. "நீ சொன்ன மாதிரி இரும்புப் பெட்டி நல்லதா எங்கடே கிடைக்கும்?"னு மட்டும் கேட்டார். இன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் கடைக்குப் போறோம்.

அவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் பக்கத்துத் தெரு பொட்டி தட்டறவன் இல்லீங்க. மாசாமாசம் கடிதாசி போடறவன்.

டிஸ்கி: "கார்ல அடிபட்டும்தான் சாவுறான், காரைத் தடை பண்ணுவியா?"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, மேல கார் பிரேக் பத்தி எழுதியிருக்கறதை ஒரு தடவை படிச்சுட்டு வந்து கும்முங்க :-)