இல்லம் பேணுவோம்: மூட மறுக்கும் வால்வு

வீட்டுக் குழாயை நாள்தோறும் பலமுறை திருகுகிறோம். ஐவேளை ஒளுவுக்கும் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் அதைத் தொடாத பொழுதில்லை. ஆனால் அக்குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வை, வீடு கட்டிய நாள்முதல் தொட்டுப் பாராத குடும்பங்கள் பல. மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று, கீசரின் கீழே ஒன்று என அவை ஓரமாக இருக்கின்றன. அவற்றின் தேவை வருவது ஆபத்து வேளையில் மட்டுமே.

குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் உழைக்க, தாயும் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டுமே தங்கியிருக்கும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். அத்தகைய வீட்டில் நள்ளிரவில் கீசரின் இணைப்புக் குழாய் வெடித்துவிட்டால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 15 லிட்டர் வெளியேறினாலும், 1000 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வற்றிவிடும். மறுநாளைக்குத் தண்ணீர் இராது. அறைகளில் பாய்ந்த நீர் மின்சாதனங்களைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, வீட்டில் இருப்பவரின் கையால் மூட முடியாத வால்வு, வால்வே அன்று.

இதனைச் சோதிப்பது எளிது. கடைகள் திறந்திருக்கும் பகல் வேளையில், குடங்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, வால்வை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். அதற்கு அப்பாலுள்ள குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தங்கிய நீர் வடிந்தபின் ஒழுக்கு நின்றுவிட்டால் வால்வு நலமாக உள்ளது. இறுகிக் கிடந்தால் ஸ்பேனர் கொண்டு வலிந்து திருகாதீர்கள், தண்டு முறிந்துவிடும்.

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் வால்வை மாற்ற வேண்டியதில்லை. பின்வரும் குறிகள் தென்பட்டால் மாற்றியே ஆகவேண்டும். முழுவதும் மூடியும் நீர் நில்லாதிருத்தல் முதற்குறி. மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கலாமாதலால், நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பின்னும் ஒழுகினால் உள்தகடு தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். கைப்பிடி முடிவின்றிச் சுழலுதல் இரண்டாவது. தண்டுக்கும் உள்தகட்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டதையே அது காட்டும். கையால் அசைக்க இயலாமை மூன்றாவது. உடற்பகுதியில் வெடிப்போ கசிவோ காணப்படுதல் நான்காவது. மொட்டைமாடி வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலையிலுள்ள பிளாஸ்டிக் வால்வையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடித் தண்டின் அடியில் மட்டும் நீர் கசிந்தால் அவசரப்பட வேண்டாம். அங்குள்ள நட்டைச் சிறிதளவு இறுக்கினாலோ, உட்சுற்றிய நூலைப் புதுப்பித்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாற்றும்போது கேட் வால்வுக்குப் பதிலாகப் பித்தளைப் பால் வால்வு பொருத்துவது நன்று. கால் சுற்றில் அது மூடிக்கொள்ளும். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறந்துள்ளது; குறுக்கே நின்றால் மூடியுள்ளது. இதனைச் சிறு பிள்ளையும் கண்டறியும். அருகில் ஒரு யூனியனும் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை குழாயை அறுக்காமலேயே கழற்றலாம். பழைய இரும்புக் குழாய்களில் மரை துருப்பிடித்திருக்கும் என்பதால் அப்பணியைப் பிளம்பரிடமே விடுங்கள்.

தொட்டியின் அடி வால்வை மாற்றத் தொட்டியைக் காலிசெய்ய வேண்டும். தொட்டி கழுவும் நாளிலேயே அதனையும் முடித்துக்கொண்டால் தண்ணீர் வீணாகாது. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து வந்தால் உப்புப் படிந்து இறுகுவது குறையும். கேட் வால்வை முழுதும் திறந்தபின் கால் சுற்றுப் பின்திருப்பி வையுங்கள். நீரின் வேகத்தைக் குறைப்பதற்காகப் பாதி மூடி வைத்தல் கூடாது. உள்தகடு விரைவில் தேய்ந்துவிடும்.

விடுமுறையில் வந்திருக்கும் சகோதரர்களே! திரும்பிச் செல்லுமுன் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். எந்த வால்வு எந்த அறைக்குரியது என்பதை எழுதி ஒட்டுங்கள். தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து, அவரவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் செய்யுங்கள். அவர்களால் இயலாத வால்வு எதுவோ, அதுவே முதலில் மாற்றப்பட வேண்டியது.