தண்ணியில்லாக் காடு இல்லை, தண்ணி தராத காடு!



"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அரசு ஊழியரை மிரட்டும்போது எந்த மாவட்டத்தைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே தண்டனையே இல்லாமல் லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை. முதுகுளத்தூர், கடலாடி பக்கம் போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நம்ம தாய்மார்கள் இன்னும் நடக்கிறார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்குவது இராமநாதபுரத்துக்குப் புதுசு இல்லை. சென்னைக்கு 2010-ல் மீஞ்சூர் நிலையம் வந்தது. அதற்கு முன்பே, 1990-களின் இறுதியில், நம்ம நரிப்பையூரில் தினம் 38 லட்சம் லிட்டர் திறனில் ஒரு நிலையம் வந்துவிட்டது. ஆனால் பராமரிப்பு இல்லாமல் அது முடங்கிப்போனது. சென்னையிலோ மீஞ்சூருக்குப் பின் 2013-ல் நெம்மேலி, 2024-ல் அதன் இரண்டாவது நிலையம், அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் திட்டம். சென்னைக்குக் கொடுத்தது தப்பு இல்லை. அதே அக்கறை குதிரைமொழிக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. அங்கே தினம் 6 கோடி லிட்டர் என்று அறிவித்து வருஷங்கள் ஓடிவிட்டன.

"கரண்ட் செலவு ஜாஸ்தி" என்பார்கள். கணக்குப் போடுவோம். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். 6 கோடி லிட்டருக்கு அதிகபட்சம் 2.4 லட்சம் யூனிட். இதே மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இருக்கிறது. அது முழுத்திறனில் அரை மணி நேரம் ஓடினாலே இதைவிட அதிக மின்சாரம் வரும். நம்ம வெயில் ஊருக்கெல்லாம் விளக்கு எரிக்கும், நமக்கு ஒரு குடம் தண்ணி தராதா?

அதே நேரம், கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவும் முடியாது. 100 லிட்டர் கடல்நீர் எடுத்தால் சுமார் 40 லிட்டர்தான் நன்னீர். மீதி, ஒன்றரை மடங்குக்கும் மேல் உப்பேறி கடலுக்கே திரும்புகிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் உள்ள தேசியப் பூங்கா இருக்கிறது. அதை நம்பித்தான் மீனவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒருத்தர் தாகத்தைத் தீர்க்க இன்னொருத்தர் வலையைக் காலி பண்ணக்கூடாது.

அதனால் நம் கோரிக்கைகள்:

✅ கடல்நீர்த் திட்டத்துக்கு நாள் குறித்து, பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து நிதி ஒதுக்கு!

✅ உப்புக் கழிவு எங்கே, எவ்வளவு விடப்படும் என்பதை மீனவ கிராமங்களில் கூட்டம் போட்டுச் சொல்லு!

✅ கண்மாய்களைத் தூர்வாரு, வரத்துக்கால்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்று! பெய்கிற மழையையும் வருகிற வைகையையும் பிடித்து வைக்காமல் கடலை மட்டும் நம்பினால், இன்னொரு நரிப்பையூர்தான் மிஞ்சும்.

ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க ஊர்க் குழாயில எந்தத் தேதியில தண்ணி வரும்?" தேதி சொல்லாதவருக்கு நம் பதிலும் தெரியட்டும்.

உங்க ஊரில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி வருது? கமெண்டில் எழுதுங்க, பகிருங்க.

#குடிநீர்_உரிமை #இராமநாதபுரம்