வெட்டாமல் விட்ட நூல்

தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கினால் காரைக்குடி ஜவுளிக் கடைகளிலும் தையற்கடைகளிலும் ஒரே பேச்சுதான். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே எதை உடுத்துவதென்றே தெரியவில்லை.” கல்யாணப் பந்திக்கு டி-சர்ட்டில் வருகிறார்கள், கோயிலுக்கு அரைக்கால் சட்டையில் வருகிறார்கள், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கல்யாண ரிசப்ஷன் கோட்டோடு போகிறார்கள் என்று அடுக்குகிறோம். இதை அதிகம் சொல்பவர்கள் துணியோடு வாழும் நாம்தான். இந்த இதழுக்கு அதில் உடன்பாடு இல்லை.

இருபது வயதுப் பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்கிறான். ஊர்ப் பெரியவர் ஒருவர் எதிரே வருகிறார். பேச்சு நிற்பதற்கு முன்பே அவன் கை மடிப்பை இறக்கிவிடுகிறது. இப்படி ஒரு விதி எந்தப் பலகையிலும் எழுதியில்லை. வீட்டில் பார்த்தான், செய்கிறான். உடைக்கும் இடத்துக்கும் உள்ள உறவு இளைஞர்களுக்குப் புரிவதில்லை என்று சொல்பவர்கள் இந்த ஒரு அசைவை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் யாராவது உடுத்திப் பார்த்த உடை என்றால் அவர்கள் தடுமாறுவதில்லை. வீட்டில் ஒருவரும் உடுத்தியிராத உடைக்குள் முதன்முதலாக நுழையும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

அவன் தாத்தாவுக்கு வேலைக்கு ஒரு வேட்டி, விசேஷத்துக்கு ஒரு வேட்டி போதுமாக இருந்தது. இவனோ ஒரே மாதத்தில் குலதெய்வக் கோயில், கல்லூரி வளாக நேர்முகத் தேர்வு, நண்பனின் ரிசப்ஷன், அரசு அலுவலகம், பட்டமளிப்பு விழா என்று ஐந்து வாசல்களைக் கடக்கிறான். ஒவ்வொன்றுக்கும் வேறு உடை, வேறு எதிர்பார்ப்பு. இவற்றில் மூன்றை அவனுக்குச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. சாக்கோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கோட்டு எடுக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கோட்டுப் போடுகிறவர்கள். அவர்களுக்கு அதைச் சொல்லக்கூடியவர் கழுத்தில் அளவு நாடா போட்டுக்கொண்டு எதிரே நிற்கும் நாம்தான்.

நாம் சொல்கிறோமா? வளாகத் தேர்வு நடக்கும் நாளில் கல்லூரி வாசலில் நின்று பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள். புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போலப் போட்ட நூல் அப்படியே இருக்கும். மடிப்புக் குலையாமல் இருக்கத் தற்காலிகமாகப் போடும் தையல் அது. கோட்டைக் கையில் கொடுக்கும்போதே வெட்டியிருக்க வேண்டும். கை ஓரத்தில் துணி ஆலையின் பெயர்த்துண்டு தொங்கும். வெளிப் பைகள் தைத்தபடியே மூடியிருக்கும். பையன் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறான். எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவர் அதைக் கவனித்து மனதில் ஒரு குறி போட்டுக்கொள்கிறார். ஒரு கத்தரி வெட்டில் தீரும் வேலை அது. அந்த நூலுக்குப் பொறுப்பு பையனல்ல, விற்ற கடை.

பொத்தானும் அப்படித்தான். இரண்டு பொத்தான் கோட்டில் மேல் பொத்தானை மட்டும் போட வேண்டும், உட்காரும்போது அதையும் கழற்ற வேண்டும் என்பதை வெறும் நாகரிக விதியாகச் சொன்னால் எவனும் மறந்துவிடுவான். காரணத்தைச் சொல்ல நமக்குத்தான் தெரியும். முன்பக்கத்தைக் கீழ் நோக்கி விலகிப் போகும்படி வெட்டுகிறோம். கீழ்ப் பொத்தானையும் இழுத்துப் போட்டால் இடுப்பில் சுருக்கம் விழும், வெட்டு கெடும். கட்டிங் மாஸ்டர் இதை ஒருமுறை கண்ணாடி முன் நிறுத்திக் காட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் போதும். கோட்டின் கைக்குக் கீழே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும், டையின் நுனி பெல்ட்டின் கொக்கியைத் தொட வேண்டும் என்பவையும் ட்ரையல் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற செய்திகள்.

செட்டிநாட்டில் இந்தப் பாடம் தொழிலோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டிருக்கிறது. நகரத்தார் கடன் தொழில் நடத்திய ரங்கூன் கிட்டங்கிக்கும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிக்கும் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகப் போன சிறுவன் வட்டிக் கணக்கோடு உட்காரும் முறை, பேசும் முறை, வெள்ளை வேட்டியைச் சுத்தமாகக் கட்டும் முறை எல்லாவற்றையும் பெரியவர்களின் கண் பார்வையில் கற்றான். கடன் கேட்டு வருகிறவனுக்கு அந்த வெள்ளையே ஒரு நம்பிக்கைச் சீட்டு. அதே நகரத்தார், ஆங்கிலேய வங்கிக்காரர்களையும் அதிகாரிகளையும் சந்திக்க வேண்டி வந்தபோது வேட்டிக்கு மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட நீளக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்தார்கள். இந்தப் பகுதியின் பெரிய வீடுகளில் முகப்புச் சுவர்களில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாலு இடத்துக்கு நாலு உடை என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. சொல்லித்தர ஆள் இருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொரு வரலாறும் இதே மண்ணில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர்வது நேர்மையாகாது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி அணியக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தோளில் துண்டு போட ஒருவனுக்கு உரிமை உண்டா என்று அடிதடி நடந்த நாட்டில், “ஏன் இப்படி உடுத்த வேண்டும்?” என்று ஓர் இளைஞன் கேட்டால் அதைத் திமிர் என்று யாரும் சொல்லக் கூடாது. காரணம் சொல்ல முடிகிற விதி நிற்கட்டும். சொல்ல முடியாதது போகட்டும்.

எழுதப்பட்ட விதிகளையாவது நாம் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்பது அடுத்த கேள்வி. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகும். வேட்டி விற்கிற நாம் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்கிறோமா? வேட்டி கட்டியதற்காக யாரையும் வாசலில் தடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்லும்போது, “இன்டர்வியூவுக்கு வேட்டி எல்லாம் சரிப்படுமா தம்பி?” என்று நாமே அவனைத் தயங்க வைக்கிறோம்.

வழக்கறிஞர் உடையிலும் இதே அறியாமை இருக்கிறது. சட்டம் படித்து முடித்த பிள்ளைகள் கோட்டும் பேண்டும்தான் விதி என்று நினைத்து வருகிறார்கள். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி கறுப்புக் கோட்டோடு வேட்டியையும் ஏற்றுக்கொள்கிறது. ஜீன்ஸைத்தான் பெயர் சொல்லி விலக்குகிறது. கவுன் உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் மட்டுமே கட்டாயம். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கப்போகும் பெண்ணுக்கு முதல் நாளே கவுன் தைத்து விற்பது வியாபாரமாக இருக்கலாம், தொழில் நேர்மை ஆகாது.

அரசு ஊழியர்களுக்கு 2019இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்குச் சட்டையும் பேண்டும் அல்லது வேட்டி என்றது. அது அமைச்சர்களையும் கட்டுப்படுத்துமா, டி-சர்ட் அணிவது மீறலா என்று 2024இல் துணை முதலமைச்சரின் உடையை வைத்து உயர் நீதிமன்றத்துக்கே வழக்குப் போனது. கோயில்களில் என்ன உடுத்தலாம் என்று 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி பிறப்பித்த உத்தரவு 2016 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது, சில நாட்களிலேயே மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்க செனட் சபையில் கோட்டும் டையும் காலங்காலமாக எழுதாத வழக்கமாகவே இருந்தது. 2023 செப்டம்பரில் அதைத் தளர்த்தியபோது எதிர்ப்பு எழுந்து, அதே மாதத்தில் தீர்மானம் போட்டு முதன்முறையாக எழுத்தில் வைத்தார்கள். இத்தனை படித்த பெரியவர்களுக்கே தெளிவில்லாத ஒன்றை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது அநியாயம்.

கண்டாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சேலை. பெரிய கட்டம், அகலக் கரை, கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி நம் ஆச்சிகள் கட்டிய வேலைநாள் உடை அது. இன்று கடைக்கு வரும் பெண்கள் இதை வாங்கத் தயங்குவதில்லை. “இதை ஆபீசுக்குக் கட்டலாமா, விசேஷத்துக்கு மட்டுமா?” என்றுதான் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கஞ்சி போட்டு மடிப்பு நின்ற பருத்திக் கண்டாங்கி எந்த அலுவலகத்துக்கும், எந்த நேர்முகத் தேர்வுக்கும் முறையான உடை. ஆனால் முந்தானையை எப்படிக் குத்துவது, பாவாடையின் உயரம் என்ன, கஞ்சி எவ்வளவு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலையை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தால் அது அலமாரியில் தங்கிவிடும், அடுத்த முறை அந்தப் பெண் சுடிதார் எடுக்கப் போய்விடுவாள். தறிக்காரருக்குத்தான் நட்டம்.

ஒட்டு வேட்டியைக் கேலி செய்வதையும் நிறுத்த வேண்டும். அதைக் கட்டிக்கொண்டாவது பையன் மணமேடைக்கு வேட்டியில் வருகிறானே. அதை வாங்குகிறவனிடம் எட்டு முழத்தையும் ஒருமுறை கட்டிக் காட்டுங்கள். நாலு முழம் எதற்கு, எட்டு முழம் எதற்கு, நகரத்தார் கோயில் சடங்கில் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டுவது ஏன் என்று சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கல்யாணத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், சொன்னால் ஆசையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

அழைப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் “முறையான உடையில் வரவும்” என்று ஒரே வரியில் அறிவிப்பை முடித்துவிடுகின்றன. அரைக்கைச் சட்டை போதுமா, சேலையா சுடிதாரா, ஷூ கட்டாயமா, கோட்டு தேவையில்லையா என்று நாலு வரி எழுதினால் ஏழை மாணவனுக்குத் தேவையில்லாத கோட்டுச் செலவு மிச்சமாகும். நமக்கு அதில் ஒரு கோட்டு விற்பனை குறையலாம், குறையட்டும். பட்டமளிப்பு அங்கிகளைக் கைத்தறித் துணியில் தைக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2015லும் 2019லும் கேட்டுக்கொண்டது. அந்த வேலை இந்த மாவட்டத் தறிகளுக்கும் தையற்கடைகளுக்கும் வரும்படி நாமே பல்கலைக்கழகங்களை அணுக வேண்டும். அதைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுவோம்.

ஜவுளிக் கடைக்காரர்களுக்கும் தையற்காரர்களுக்கும் இந்தப் பருவத்தில் மூன்று வேண்டுகோள்கள். கோட்டை ஒப்படைக்கும் முன் நூலையும் பெயர்த்துண்டையும் நீங்களே வெட்டிவிடுங்கள். ட்ரையல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீதிமன்றம், அரசு அலுவலகம், நேர்முகத் தேர்வு ஆகியவற்றுக்கான உடை விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கூச்சத்தோடு வந்து நிற்கும் பிள்ளையிடம், “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்காதீர்கள். “வா தம்பி, காட்டுகிறேன்” என்று கூப்பிட்டுக் கற்றுக்கொடுங்கள்.