தொண்டு என்னும் பெயரால்

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் நாள் நம் மருத்துவமனைகளில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. 1820ஆம் ஆண்டு அந்நாளில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் படத்துக்கு மாலை சூட்டப்படுகிறது. செவிலியர் வெண்புறாக்கள் என்றும், இரண்டாம் தாய் என்றும், நடமாடும் தெய்வங்கள் என்றும் மேடையில் போற்றப்படுகின்றனர். மாலை ஐந்து மணிக்கு விழா முடிகிறது. இரவுப் பணிக்கு வர வேண்டிய மூவருள் ஒருவர் விடுப்பில் இருக்க, எஞ்சிய இருவர் அறுபது நோயாளரைப் பார்த்துக்கொள்ள வார்டுக்குள் நுழைகின்றனர்.

விழா வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் புகழுரைகளின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு பொய்யையே எதிர்க்கிறோம். செவிலியர் பணி தொண்டு. தொண்டுக்குக் கூலி கேட்பது இழிவு. ஆகவே கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு புன்னகை மாறாமல் உழைப்பதே நல்ல செவிலியின் இலக்கணம் என்பதே அந்தப் பொய். வெளிப்படையாகச் சொன்னால் எவரும் வெட்கப்படுவர். எனவே அது மாலையாகவும் கவிதையாகவும் வேடமிட்டு வருகிறது.

நைட்டிங்கேலையே எடுத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்த விளக்கை நினைவில் வைத்த நாம், மறு கையிலிருந்த கணக்கேட்டை மறந்துவிட்டோம். 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்குச் சென்ற அவர், வீரர்களுள் பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை, நோயாலும் அழுக்காலும் சாகின்றனர் என்பதை எண்களால் நிறுவினார். அந்த எண்களை வரைபடமாக்கி ஆட்சியாளர் முன் வைத்து வாதாடினார். 1860இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில், மாணவியருக்கு உணவும் உறைவிடமும் கொடுத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகையும் கொடுத்தனர். பயிலும் பெண்ணுக்கே பணம் கொடுத்த பள்ளி அது. அவர் படத்துக்கு மாலையிடும் பயிற்சிப் பள்ளிகள் சில, கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவியரை ஊதியமில்லாப் பணியாளராக வார்டுகளில் நிறுத்துகின்றன. இந்த முரண் நம் கண்ணை உறுத்தவில்லையா?

சத்திரக்காரனின் இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டியதும், தன் விலங்கின்மேல் ஏற்றிச் சென்றதும் மறையுரைகளில் விரிவாகப் பேசப்படும். அதன் பின்பாதி மட்டும் விரைவாகக் கடந்துவிடும். மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறான். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறான். "இது புண்ணியம், நீயும் இலவசமாகச் செய்" என்று அவன் சொல்லவில்லை. இரக்கம் அவனுடையது, அதற்குரிய செலவும் அவனுடையது. படுக்கையருகில் இருந்து பார்த்துக்கொள்பவனுக்கு உரியதைக் கொடுத்துவிட்டுத்தான் அவன் நல்லவனாகிறான். பிறர் உழைப்பில் தான் நல்லவனாகும் வித்தையை அவன் அறியான். நமக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செவிலியரைச் 'சிஸ்டர்' என்றே நம் மக்கள் அழைக்கின்றனர். துறவற மகளிர் மருத்துவமனைகளில் ஆற்றிய நெடும்பணியின் நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. அது நமக்குப் பெருமையே. ஆயினும் அச்சொல்லோடு ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டது. அருட்சகோதரி எளிமை வாக்குறுதியைத் தாமே மனமுவந்து எடுக்கிறார். அவர் உண்ணவும் உடுக்கவும், முதுமையில் சாய்ந்துகொள்ளவும் சபை இருக்கிறது. சம்பளத்துக்கு வரும் செவிலிக்கு என்ன இருக்கிறது? படிப்புக்காக வாங்கிய கடன், தம்பியின் கல்லூரிக் கட்டணம், தாயின் மருந்துச் சீட்டு. ஒருவர் தமக்கென எடுத்த வாக்குறுதியை மற்றவர் தலையில் சுமத்த எந்தத் திருச்சட்டமும் இடம் தரவில்லை. நியாயமான கூலி உழைப்பவரின் உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். நம் நிறுவனங்களுள் ஒன்றில் நான்காண்டு பணி செய்த இளம் செவிலி ஒருவர், அரசுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவருடைய மூலச் சான்றிதழ்கள் நிர்வாக அறையின் இரும்புப் பெட்டியில் இருந்தன. பணியில் சேர்ந்த நாளில் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கி வைத்தவை. மூன்று நாள் நடந்தபின், "நாங்கள் காசு சேர்க்கவா வந்தோம், அம்மா? நீயும் தொண்டு என்று நினைத்து இருக்கக் கூடாதா?" என்று கேட்டார் நிர்வாகி. அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல், "மதர், உங்களுக்கு மடம் இருக்கிறது. எனக்கு வீடுதான் இருக்கிறது" என்றார். நம்முள் எவருக்கும் அதன்பின் பேச நாவெழவில்லை. சான்றிதழ் அன்றே கிடைத்தது. ஆனால் அதைப் பெறுவதற்கு அவர் கெஞ்ச நேர்ந்ததே, அது எந்த அறத்தில் சேரும்?

எண்கள் சொல்வது

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஆணையிட்டதன்பேரில் நடுவண் அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் குறித்துத் தெளிவான பரிந்துரைகளை அளித்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில், அம்மாநில அரசு அதே நிலைச் செவிலியருக்குத் தரும் ஊதியம். 100க்கு மேற்பட்டதில் அதைவிடப் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல். 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல். 50க்குக் கீழ் எனினும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல். கேரளச் செவிலியர் தெருவில் இறங்கிப் போராடியதன் பயனாக அம்மாநில அரசு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. நம் மருத்துவமனைகளின் சம்பளப் பதிவேட்டை இந்த அளவுகோலின் அருகில் வைத்துப் பார்க்க நமக்குத் துணிவுண்டா?

ஊதியம் மட்டுமன்று, எண்ணிக்கையும் கேள்விக்குரியது. இந்திய செவிலியர் குழுமம் வகுத்த அளவின்படி, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளருக்கு ஒரு செவிலி, பிற மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். முப்பது பேருக்கு ஒருவர் நிற்கும் இரவில் மருந்து மாறிப்போனால் யாரைக் குற்றஞ்சாட்டுவோம்? நின்றவரையா, நிறுத்தியவரையா?

அரசும் இதில் தூய கையோடு நிற்கவில்லை. தேர்வெழுதித் தேறி 2015இல் பணியேற்ற ஆயிரக்கணக்கான செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தந்தது தமிழ்நாடு அரசு; பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராட நேர்ந்தது. 2020 மே 3ஆம் நாள் கொரோனாப் பணியாளரைப் போற்றி வான்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மீது மலர் தூவின. அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒப்பந்தமாகச் சேர்க்கப்பட்ட தமிழ்நாட்டுச் செவிலியர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடித்துவைக்கப்பட்டது. பூவும் மாலையும் மலிவானவை. அதனால்தான் அவற்றைத் தாராளமாகத் தருகிறோம்.

கற்பிப்போர் நிலை

வார்டில் நிற்பவரைப் பற்றியேனும் எப்போதாவது பேசுகிறோம். அவரை உருவாக்கும் ஆசிரியரைப் பற்றிப் பேசுவோர் இல்லை. முதுநிலைப் பட்டம் பெற்று விரிவுரையாளராகச் சேர்ந்தவர், கோடை விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று மாணவியரைச் சேர்த்துவர அனுப்பப்படுகிறார். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் விதி, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் நிறைவேறும் கல்லூரிகள் உண்டு. மறுநாள் அந்த ஆசிரியர்கள் காற்றில் கரைந்துவிடுவர். எஞ்சியிருப்பவர் நால்வர் பாடத்தைத் தாமே நடத்துகிறார். ஊசி போடவும் உயிர் காக்கவும் கற்றுத்தரும் கூடம் பொய்க் கையெழுத்தில் தொடங்கினால், அங்கே கற்றவர் எழுதும் நோயாளர் குறிப்பேட்டில் எப்படி உண்மை இருக்கும்?

இன்னொரு பிளவும் உண்டு. கல்லூரியில் கற்பிப்பவர் வார்டை விட்டு விலகிவிடுகிறார். வார்டில் தேர்ந்தவருக்குக் கற்பிக்க நேரமில்லை. மாணவி இருவருக்கும் இடையே நின்று, "கல்லூரியில் சொன்னது வேறு, இங்கே செய்வது வேறு" என்று கற்றுக்கொள்கிறாள். 1946இலேயே செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கற்பிப்போரே வார்டுப் பொறுப்பும் ஏற்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. வழி அறியாதவர்கள் அல்லர் நாம், மனமில்லாதவர்கள்.

"பணம் எங்கே?" என்பார்கள்

சிற்றூரில் இருபது படுக்கையோடு ஏழைகளுக்காக நடக்கும் மருத்துவமனை, பெருநகர் மருத்துவமனையைப்போல் எப்படிக் கொடுக்கும் என்று கேட்பது நியாயமே. அந்தத் துன்பத்தை நாம் அறியாமல் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். புதிய ஸ்கேன் கருவியின் கடன் தவணை என்றேனும் தவறியதுண்டா? சிறப்பு மருத்துவரின் கட்டணம் பேசும்போது தொண்டு என்ற சொல் யார் வாயிலேனும் வந்ததுண்டா? எல்லார்க்கும் கொடுத்தபின் மீதத்தில் செவிலிக்கு என்று ஏன் வைத்தோம்? ஏழைக்கு மலிவாக மருத்துவம் தருவது நம் எல்லாருடைய கடமை. அதன் முழுச் சுமையையும் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தியின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வது கடமையன்று, களவு. போதாதெனில் மறைமாவட்டம் கொடுக்கட்டும், பங்குகள் கொடுக்கட்டும், அப்போதும் போதாதெனில் படுக்கைகளைக் குறைப்போம், அதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்வோம்.

பணியில் இருக்கும் நம் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் சில சொற்கள். மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். எழுத்தில் பணி ஆணை இல்லாமல் சேராதீர்கள். பதிவைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள். 26 வார மகப்பேறு விடுப்பு 2017 முதல் சட்டம் தந்தது. அது நிர்வாகத்தின் கருணை அன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் மருத்துவமனையில் அதன் உறுப்பினர் யார் என்று கேளுங்கள். வெளிநாடு செல்ல விரும்பினால் தரகரை நாடும் முன், தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தை நாடுங்கள். நீங்கள் போவதை நாட்டுப்பற்றின்மை என்று பழிப்பவர்களை, உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்த செவிலி அருணா ஷான்பாகை, 2015இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அம்மருத்துவமனைச் செவிலியரே மாறி மாறிப் பேணினர். அவரை ஒருமுறையும் நலமாய்ப் பார்த்திராத தலைமுறையும் பேணியது. அதுதான் தொண்டு. அவர்கள் மனமுவந்து தந்தது. எவரும் அவர்களிடமிருந்து பிடுங்கியதன்று.

தொண்டு கொடுப்பவரின் உரிமை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை, கூலியை முழுதும் கொடுத்து முடித்தவருக்குக்கூட இல்லை. அடுத்த மே 12ஆம் நாள் மாலை வாங்கும் முன் நம் நிறுவனங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கட்டும். சம்பளப் பதிவேட்டைத் திறந்து திருத்தட்டும். மெழுகுவர்த்தியை அதன்பின் ஏற்றுவோம்.