விளைப்பவர் நாம், வினைப்படுத்துபவர் யார்?

எம் இராசிங்காபுரத்தினின்று மேற்கே நோக்கின் மலைத்தொடர் கண்ணெதிரே நிற்கும். விடியுமுன்னர் உந்துகளில் நெருக்கியடித்து மலையேறும் இவ்வட்டாரப் பெண்டிர், ஏலத்தோட்டங்களில் காய் பறித்துப் பொழுது சாய்கையில் திரும்புவர். அவர் பறித்த பச்சைக்காய் நாலைந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோவாகும். அது போடியில் ஏலம் விடப்பெற்று வெளியூர்களுக்குப் போகும். (ஏலக்காயை ஏலம் விடுகின்றோம்! முன்னது நம் சொல். பின்னது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. இவ்வேறுபாடு அறிந்தார் ஆசிரியருள்ளும் சிலரே.)

அத்துடன் நம் பங்கு முடிந்துவிடுகின்றது. அக்காயைக் கொண்டு பருகுநீரும் மாச்சிலும் தேநீர்க் கலவையும் புதிது புதிதாய் ஆக்குவோர் வேறெங்கோ உள்ளனர். கேரளத்துக் கோலஞ்சேரியில் 1972இல் தோன்றிய சிந்தைட்டு நிறுவனம் நறுமணப் பொருள்களின் சாறு பிரித்து உலகெங்கும் விற்கின்றது. ஏலத்தை 20ஆம் நூற்றாண்டிலேயே பயிரிடத் தொடங்கிய குவாத்தமாலாவோ, விளைச்சலில் நம்மை முந்திவிட்டது. வெறுங்காயை மட்டும் நம்பி இனி எத்தனை நாள் வாழ்வது?

என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் ஓர் உணவு நிறுவனத்தில் புதுவுணவு உருவாக்கும் பிரிவில் பணியாற்றுகின்றார். “அடுப்படி வேலைக்கா இத்தனைப் படிப்பு?” என்று அவர்தம் உறவினர் நகைத்தனர். அப்பணி யாதென அவர் விளக்கக் கேட்டபின் எனக்கு நகைப்பு வரவில்லை.

ஏலத்தின் மணம் அதன் விதையிலுள்ள ஆவியெண்ணெயில் இருக்கின்றது. தோலுக்குள் இருக்குமட்டும் அஃது அடங்கியிருக்கும். பொடித்துவிட்டாலோ விரைந்து பறந்துபோம். ஆறு திங்கள் கழித்துப் பொதியைப் பிரிப்பவர்க்கும் மணம் கிட்ட வேண்டுமெனில் என் செய்வது? அவ்வெண்ணெயைப் பிசின் கரைசலில் நுண்துளிகளாய்க் கலக்கி, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்துவர். துளிதோறும் பிசின் போர்வை படியும். பின்னர்ச் சுவைத்தேர்வு. மூன்று குவளைகளுள் இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் வேறு. வேறானது எதுவென்று சுவைப்போர் கண்டு சொல்லல் வேண்டும். வெப்ப அறையில் வைத்துக் கெடுநாள் கணிப்பதும், ஒரு படியில் வாய்த்தது ஆயிரம் படியில் வாய்க்குமா எனப் பார்ப்பதும், 2006ஆம் ஆண்டின் உணவுக் காப்புச் சட்டப்படி உறையில் எழுதுவதும் அதற்கப்புறம். பத்து முயன்றால் ஒன்று கடைக்கு வருமாம்.

மைசூரில் 1950இல் நிறுவப்பெற்ற நடுவண் உணவு ஆராய்ச்சி நிறுவனம், எருமைப்பாலினின்று குழந்தைக்கேற்ற பால்மா செய்யும் முறையைக் கண்டது. அமுல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. திருவாரூரில் 1967இல் நனைந்த நெல்லைக் காக்கத் தோன்றிய ஆய்வகம் இன்று தஞ்சையில் உணவுத் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனமாய் வளர்ந்து நிற்கின்றது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்குப் பயின்ற நம் பிள்ளைகள் முயலலாம். தஞ்சைக்கு நடுவண் பொறியியல் நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். அதற்குப் பதினோராம் வகுப்பிலேயே அணியமாதல் நன்று. மலைக்கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்க்கு இதனை எடுத்துரைப்பார் நம் பள்ளிகளில் அரியர்.

அவ்விளைஞர் சென்ற திங்கள் வந்திருந்தார். தாம் உருவாக்கிய ஏலத்தேநீர்க் கலவைக்குப் பெயர் வேண்டினார். ‘ஏலநறும்பொடி’ என்றேன். விற்பனைப் பிரிவினர் ஆங்கிலப் பெயரே விலைபோகும் என்கின்றனராம். “நறும்பொடி என்றதும் எங்கள் தெருப் பெண்டிர் முகர்ந்து பார்க்கவே கைநீட்டுவர், அதனையும் ஒரு தேர்வாக வைத்துப் பாரும்” என்றேன். இரண்டு பெயரும் எழுதிய உறைகளுடன் அடுத்த திங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார்.